குறை தமிழ்வழியில் இல்லை

'மைசெல்ஃப் குமார்' என்று தொடங்குகிறவனுக்கு ஆங்கிலமே வராது, எல்லாம் தமிழ்வழிப் படிப்பின் கோளாறு என்கிறார் நண்பர். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு நேர்காணலுக்கு வரும் பிள்ளைகளைப் பற்றித்தான் பேச்சு. முதல் பாதியையே நான் ஏற்க மாட்டேன். இரண்டாவது பாதி அப்பட்டமான தவறு.

இன்றைய தமிழில் 'தான், தன்னை' எல்லாம் படர்க்கைக்குத்தான். தன்மைக்கு அப்படித் தனிச்சொல் கிடையாது. 'என்னை நானே' என்கிறோம். பிறகு 'மைசெல்ஃப்' எப்படித் தமிழிலிருந்து வரும்? இந்தி பேசுவோரும் இதையேதான் சொல்கிறார்கள். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் மனப்பாடம் செய்த வரி அது. 'கான்டாக்ட் மைசெல்ஃப்' என்று மின்னஞ்சல் எழுதும் அதிகாரிகள் இங்கிலாந்திலும் உண்டு. அவர்கள் தகுதியை யாரும் கேட்பதில்லை.

தமிழ் உண்மையில் இடறுமிடம் வேறு. 'அவர்' இருபாலுக்கும் பொது. அதனால் பெண் மேலாளரையும் 'ஹீ' என்றுவிடுகிறார்கள். அதைத் திருத்துங்கள். அறிமுகத்துக்கு 'ஐ ஆம் குமார்'. செய்தவனும் பட்டவனும் ஒரே ஆளானால் 'ஐ ஹர்ட் மைசெல்ஃப்'. அழுத்திச் சொல்லவும் அது வரும். ஐந்து நிமிடப் பாடம். மைக்ரோமீட்டரில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைப் பிசகாமல் படிக்கும் பையனை இதற்காகவா ஆவடி பஸ்ஸில் திருப்பி அனுப்புவது?