போட் மெயில் ஓடுகிறது; போட் எங்கே?

செங்கல்பட்டு வழியாக இராமேசுவரத்துக்கு இன்றும் ஒரு ரயில் ஓடுகிறது. போட் மெயில் என்று பெயர். பெயரில் போட் இருக்கிறது, கடலில்தான் காணோம்!

1914 முதல், எழும்பூரில் டிக்கெட் வாங்கியவன் தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேர்ந்தான். விசா கேட்பாரில்லை. கூலியாகப் போனவனை மண்டபத்தில் நிறுத்தி, நோய் உண்டா என்று பார்த்தார்கள். தேயிலைத் தோட்டத்துக்குத் தமிழன் தோள் தேவைப்பட்டது; கதவு திறந்திருந்தது.

1948இல் இலங்கை விடுதலை பெற்றது. காடழித்து மலைக்குப் பச்சை உடுத்தியவன், அந்த ஆண்டே குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவனானான். குடிவரவுச் சட்டமும் கூடவே வந்தது. நேற்றுவரை தொழிலாளி, விடிந்ததும் கள்ளத்தோணி! 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் பேரம் பேசுவார்கள். இங்கே அந்த மனிதனை ஒரு வார்த்தை கேட்டார்களா? அந்த டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போரோடு நின்றது. பாதையைப் புயல் அழித்தது, சரி. உரிமையை அழித்தது புயலா?

பாதுகாப்பு என்பார்கள். நேபாளத்துடன் 1,700 கிலோமீட்டருக்கு மேல் எல்லை திறந்து கிடக்கிறதே! 1950 உடன்படிக்கைப்படி நேபாளி பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் வருகிறான், இங்கே வேலை செய்கிறான். வரட்டும், வாழட்டும். இருபது சொச்சம் மைல் கடலுக்கு மட்டும் ஏன் பூட்டு?

மேற்கு ஆப்பிரிக்காவைப் பாருங்கள். நம்மைவிட ஏழை நாடுகள் அங்கே பல. 1979இல் கூடி, ஒருவர் நாட்டுக்கு மற்றவர் விசா இன்றி வந்து 90 நாள் தங்கலாம் என்று ஒப்பந்தம் செய்தார்கள். எல்லாம் தேனும் பாலும் என்று நாம் சொல்லவில்லை. 1983இல் நைஜீரியா பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கானாக்காரர்களை விரட்டியது. வழியில் கைநீட்டும் போலீசும் உண்டு. ஆயினும் ஒப்பந்தத்தைக் கிழித்தெறியவில்லை. 2025 ஜனவரியில் மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் அமைப்பை விட்டு விலகியபோதும், விசா இல்லாப் போக்குவரத்து தொடரும் என்றே இரு தரப்பும் அறிவித்தன. அரசுகள் மோதின, அதற்காக மக்கள் வழியை அடைக்கவில்லை.

நம் செங்கல்பட்டு கண்டது என்ன? கடல் தாண்டி உயிர் பிழைக்க வந்தவர்களில் சிலரை, வெளிநாட்டினர் சட்டத்தின் பேரில் இங்கே ‘சிறப்பு முகாம்’ என்று ஒன்றில் அடைத்தார்கள். சிறையல்ல என்றார்கள். பூட்டு மட்டும் வெளிப்பக்கம் இருந்தது!

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். வரவேற்கிறோம். ஆனால் அகதி முகாமில் பிறந்து வளர்ந்த பலர் கையில் பாஸ்போர்ட்டே இல்லை. பாட்டன் ஊரைப் பார்க்க அவர்கள் எப்படி ஏறுவது? டெல்லியும் கொழும்பும் உட்கார்ந்து பேசட்டும். 90 நாள் முடியாதென்றால் 30 நாளில் தொடங்கட்டும். இரு கரையிலும் உள்ளவர்களுக்கு விசா வேண்டாம். முகாமில் உள்ளவர்களுக்குப் போய்த் திரும்பி வர ஓர் அனுமதிச் சீட்டு கொடுக்கட்டும்.