விலை குறைந்த ஊசியும் உண்டு

நம் சங்கத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர். சர்க்கரை வியாதிக்காரர்களும் குறைவில்லை. அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

புற்றுக்கட்டி வளர வேண்டுமானால் அதற்கு இரத்தம் கொண்டுவரப் புதிய நாளங்கள் முளைக்க வேண்டும். அந்த முளைப்பைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1971-இல் எழுதினார். அப்போது நம்பியவர்கள் சிலரே. 2004-இல் அவாஸ்டின் என்ற மருந்து பெருங்குடல் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வயதானவர்களின் விழித்திரையிலும் சிலருக்கு இப்படி வேண்டாத நாளங்கள் முளைக்கின்றன. அவை கசிந்து பார்வையின் நடுப்பகுதியை மறைக்கின்றன. எனவே கண் மருத்துவர்கள் 2005 முதல் அவாஸ்டினைத் துளியளவு கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது. 2006-இல், அதை உருவாக்கிய அதே நிறுவனத்தின் லுசென்டிஸ் என்ற மருந்து கண்ணுக்கென்றே வந்தது. விலைதான் தலை சுற்ற வைத்தது. அமெரிக்காவில் ஒரு ஊசி சுமார் 2,000 டாலர். அவாஸ்டின் துளியோ சுமார் 50 டாலர்.

இரண்டில் எது மேல்? அமெரிக்க அரசின் நிதியில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2011-இல் வந்தது. ஓராண்டுச் சிகிச்சைக்குப் பின் பார்வையில் கிடைத்த பலன் ஏறக்குறைய சமம். 2013-இல் உலக சுகாதார நிறுவனம் அவாஸ்டினைக் கண்ணுக்கான அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்தது.

இவ்வளவு தெரிந்தும் என் பக்கத்து வீட்டு மாமாவிடம் மருத்துவமனையில் விலை உயர்ந்த ஊசியைப் பற்றி மட்டுமே சொன்னார்கள். இது ஒரு ஊசியோடு முடிகிற வைத்தியமும் அல்ல. பல மாதம், சிலருக்குப் பல வருடம். இரண்டு ஊசி போட்டுக்கொண்டார். மூன்றாவதற்குப் போகவில்லை. "பென்ஷன்ல பாதி இதுக்கே போயிடறதுடா" என்றார். வேறு ஊசி இருப்பதாக அவருக்கு யாரும் சொல்லவில்லை. இது எனக்கு ஆறவில்லை.

மலிவான ஊசியில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 4 மில்லி புட்டியிலிருந்து ஒரு கண்ணுக்கு 0.05 மில்லிதான் எடுக்கிறார்கள். ஒரு புட்டியைப் பலருக்குப் பிரிக்கும்போது சுத்தம் தவறினால் பலர் கண்ணுக்குக் கேடு. 2016 ஜனவரியில் குஜராத்தில் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குப் பாதிப்பு வந்ததும், கண்ணுக்கு அதைப் பயன்படுத்துவதை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை நிறுத்தியது. விழித்திரை மருத்துவர்கள் முறையிட்டார்கள். மார்ச்சில் தடை விலகியது. தடை நீக்கியது சரியே. ஆனால் கிருமியில்லாத அறையில் மருந்தைப் பிரித்துத் தரும் கூடங்களை அரசு மருத்துவக் கல்லூரிகளில் அமைத்து, கண்காணித்தால் அல்லவா ஏழைக்குப் பயன்? மூட்டை தூக்குகிற கூலிக்காரருக்கும் கண் வேண்டுமே.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஊசி வேண்டுமென்றால் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு விலை குறைந்த மாற்று உண்டா? என் கண்ணுக்கு அது பொருந்துமா? புட்டியை எங்கே, யார் பிரிக்கிறார்கள்? கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. சன்னல் கம்பி வளைந்து தெரிந்தால் "வயசாச்சு" என்று விட்டுவிடாமல் அந்த வாரமே கண்ணைக் காட்டுங்கள். மாமாவை அடுத்த செவ்வாய்க்கிழமை வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போகிறேன்.