குச்சிக்கிழங்குக்குப் புதுவழி காட்டும் தயிர்க் கிருமி!

தர்மபுரி மாவட்டம் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் போனால் குச்சிக்கிழங்குக் காடுகளைப் பார்க்கலாம். மரவள்ளிக்கிழங்குக்கு அங்கே அதுதான் பெயர்.

கிழங்கில் மாவு எவ்வளவு என்று 'பாயிண்டு' பார்த்து விலை வைக்கிறார்கள். வாங்குவது பெரும்பாலும் சேகோ ஆலைகள். சவ்வரிசி விலை இறங்கினால் கிழங்கு விலையும் இறங்கும். விவசாயி பாடு திண்டாட்டம்!

இந்த மாவுக்கு வேறு கிராக்கி வருமா? வரலாம். அதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி உதவும்!

புளிப்பில் இருந்து பிளாஸ்டிக்

பாலைத் தயிராக்குவது ஒரு வகைக் கிருமி. அது பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று, புளிப்பு அமிலத்தை வெளிவிடுகிறது.

அதே அமிலத்தில் இருந்து, தக்க சூட்டில் மட்கிப்போகும் பிளாஸ்டிக் செய்யலாம். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் 2002-ம் ஆண்டு முதல் மக்காச்சோள மாவைக் கொண்டு செய்கிறார்கள். கிழங்கு மாவும் அதற்கு ஏற்றதே.

ஆனால் இரண்டு தொல்லைகள். பெரும்பாலான தயிர்க் கிருமிகளுக்கு மாவை நேராகத் தின்னத் தெரியாது. மாவை முதலில் சர்க்கரையாக்க வேண்டும். அமிலம் மிஞ்சினால் கிருமியின் வேலையே நின்றுவிடும். இரண்டும் செலவு!

கிருமிக்கு ஆபரேஷன்

கிருமியின் குணத்தையே மாற்றினால் என்ன? அதற்கு வந்திருப்பதுதான் 'கிரிஸ்பர்'. உயிரின் குணங்களைத் தாங்கும் மரபணுவை, வேண்டிய இடத்தில் வெட்டித் திருத்தும் கத்தரிக்கோல் அது.

தங்களைத் தாக்கும் வைரசை வெட்டப் பல கிருமிகள் இந்தக் கத்தரியை வைத்திருக்கின்றன. 2007-ல் அதை நிரூபித்துக் காட்டியதும் தயிர்க் கிருமியில்தான்! ஜெனிபர் டவுட்னா, இமானுவேல் சார்பென்டியர் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் 2012-ல் அதைக் கருவியாக்கினார்கள். 2020-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

கிருமி யாருக்குச் சொந்தம்?

வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, அமெரிக்காவில் எண்ணெய் தின்னும் கிருமியை உருவாக்கினார். மனிதன் உருவாக்கிய கிருமிக்குக் காப்புரிமை உண்டு என்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 1980-ல் தீர்ப்புக் கூறியது. காப்புரிமை உள்ள கிருமியைப் பயன்படுத்தினால் உரிமைக்காரருக்குப் பணம் கட்ட வேண்டும்.

கிருமி அயல்நாட்டுக் கம்பெனிக்குச் சொந்தம், ஆலையும் வெளியூரில் என்றால், லாபமும் வெளியூருக்கே போகும். நம் சர்க்கார் ஆராய்ச்சிக்கூடங்கள் கிருமியைத் திருத்தி, 1989-ம் ஆண்டு பாதுகாப்பு விதிகளின்படி ஆலை தர்மபுரியிலேயே அமைந்தால், கிழங்குக்குப் போட்டி ஏற்படும். சேகோ ஆலை சொல்லும் விலை கட்டாவிட்டால், விவசாயி வண்டியை வேறு ஆலைக்குத் திருப்பலாம்!