எந்தக் கடலை?

“எங்கள் பையனுக்குக் கடலை ஆகாது, ஸார்” என்று சென்ற வருஷம் ஒரு தாயார் என்னிடம் சொன்னார். “எந்தக் கடலை, அம்மா?” என்று கேட்டேன். அவர் திகைத்து நின்றார்.

நம் பாஷையே இங்கு குழப்பம் செய்கிறது. கடலை எண்ணெய் என்றால் நிலக்கடலை. கடலை மாவு என்றால் கொண்டைக்கடலை. பொட்டுக்கடலையும் பின்னதின் இனமே. ஒரே குடும்பம்தான், ஆனால் வேறு வேறு செடிகள். ஒன்று ஒவ்வாத குழந்தைக்கு மற்றொன்று ஒவ்வாமலும் போகலாம்; சுகமாக ஒத்துக்கொள்ளவும் கூடும். எண்ணெய் வியாபாரத்தில் தழைத்த விருதுநகரிலும், காராச்சேவுக்குப் பெயர்போன சாத்தூரிலும் இது அறிய வேண்டிய விஷயமல்லவா?

அந்தப் பையனுக்கு ஊர் சிவகாசியை அடுத்த கிராமம். இரைப்புக் கண்டபோதெல்லாம் வீட்டார் பட்டாசு மருந்தின் தூசியையே நொந்துகொண்டார்கள். தூசியாலும் இரைப்பு வரும்; மறுப்பதற்கில்லை. ஆனால் உதடு வீங்குவானேன்? உடம்பெல்லாம் தடிப்பானேன்? என்ன தின்றான், எத்தனை மணிக்கு, பிறகு என்ன கண்டது என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னேன். மூன்று தடவை கண்டது. மூன்றும் சேவு தின்ற அரை மணிக்குள். கடலை மிட்டாய் தின்ற நாட்களில் ஒன்றுமே இல்லை!

டாக்டர் அந்த நோட்டைப் படித்த பிறகே தோலில் குத்திப் பார்க்கும் பரீட்சை செய்தார். கொண்டைக்கடலைக்குத் தடித்தது. பரீட்சையில் தடித்தவற்றையெல்லாம் விலக்கிவிடுவதும் பிசகு. தடித்தும் சுகமாகத் தின்னும் குழந்தைகள் உண்டு. சந்தேகம் நீடித்தால் ஆஸ்பத்திரியில், டாக்டர் கண்ணெதிரே, சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். வீட்டில் அதைச் செய்யலாகாது.

2020-ம் வருஷத்து லேபில் விதிகளில், ஒவ்வாமை தரும் பொருள் என்று தனியே அறிவிக்க வேண்டியவற்றில் நிலக்கடலை இருக்கிறது. கொண்டைக்கடலையும் எள்ளும் இல்லை. காகிதத்தில் கட்டித் தரும் சேவுக்கோ லேபிலே கிடையாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். நிலக்கடலை ஒவ்வாதவர்கள் அதன் செக்கு எண்ணெயையும் விலக்க வேண்டும். அதில் புரதம் தங்கியிருக்கும்.

இதைப் படித்துவிட்டுக் கைக்குழந்தைக்கு நிலக்கடலையே காட்டாதிருக்க வேண்டாம். 640 குழந்தைகளைக் கொண்டு லண்டனில் நடந்து, 2015-ல் வெளியான ஆராய்ச்சியில், முதல் வயதிலிருந்தே அதை உண்டுவந்தவர்களுக்கு ஒவ்வாமை மிகவும் குறைந்திருந்தது. முழுப் பருப்பாக அல்ல, கூழாக. கடுமையான கரப்பான் உள்ள குழந்தையானால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

தடிப்போடு மூச்சுத் திணறலோ மயக்கமோ கண்டால் கஷாயத்துக்கு நேரமில்லை. 108-ஐ அழையுங்கள், குழந்தையை நடக்க விடாதீர்கள். அப்போது வேண்டியது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. மாத்திரை அதற்கு ஈடாகாது.

பையன் இப்போதும் கடலை மிட்டாய் தின்கிறான். அவர்கள் வீட்டில் சட்னி மட்டும் பொட்டுக்கடலை சேராமல் அரைபடுகிறது.