கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்க்கலாமா?



பவளம் என்றதும் நம் நினைவுக்கு வருவது நகைப்பெட்டிதான். நவமணிகளுள் ஒன்றாகிய செம்பவளத்தை மாலையாகக் கோத்து நம் பாட்டிமார் அணிந்தனர். ஆனால் கடலுக்கடியில் பாறை கட்டும் பவளம் வேறு இனம். அதைக் கல் என்பர் சிலர். செடி என்பர் சிலர். இரண்டும் அன்று. ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தாமே சுண்ணாம்பினால் கட்டிய வீட்டில் கூடி வாழும் குடும்பம் அது. மேல்நாடுகளில் பலர் இவ்வுயிரை வீட்டுத் தொட்டியில் வளர்க்கின்றனர். அந்த ஆசை நம்மவரிடமும் எழுவதுண்டு. “தங்கமீன் வளர்ப்பது போலத்தானே இதுவும்?” என்று கேட்கின்றனர். அப்படியன்று என்பதே என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன், பொறுமையுடன் படித்துப் பாருங்கள்.

முதலில் வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக்கொண்டு உணவு ஆக்கி, அதில் பெரும்பகுதியைத் தமக்கு இடம் கொடுத்த பவளத்துக்கே அளிக்கின்றன. ஆகவே தொட்டியின் மேலே தொங்கும் விளக்கு அலங்காரத்துக்கு அன்று. அதுவே பவளத்தின் அடுப்பு. ஒளி குறைந்தால் பட்டினி. மிகுந்தாலோ, பாசிகள் தாங்கமாட்டாமல் நஞ்சாகும் பொருள்களை உண்டாக்க, பவளம் அவற்றை வெளியே தள்ளிவிடுகிறது. நிறத்தைத் தந்த பாசி போனதும் அது வெளுத்துப் போகிறது. வெளுப்பு நீடித்தால் மரணமே.

கடலில் ஆழம் செல்லச் செல்லச் சிவப்பு ஒளி மறைந்து நீல ஒளியே எஞ்சும். அதனால்தான் பவளத்தொட்டி விளக்குகளில் நீலம் மிகுதியாக இருக்கிறது. மேலும், ஆழத்தில் வளர்ந்த பவளமும் அலைமட்டத்தில் வளர்ந்த பவளமும் ஒரே வெளிச்சத்துக்குப் பழகியவை அல்ல.

அடுத்தது இடமாற்றம். புதுத் தொட்டியில் உப்புநீரை நிரப்பிய அன்றே பவளத்தை வைத்துவிட முடியாது. கழிவிலிருந்து எழும் அம்மோனியாவைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் அங்கே பெருக வேண்டும்; அதற்குப் பல வாரங்கள் ஆகும். பின்னர் நீரின் உப்பும் வெப்பமும் பழைய இடத்து நீரோடு ஒத்துவருமாறு சிறிது சிறிதாகக் கலந்து பழக்க வேண்டும். பூச்சி, நோய் உண்டா என்று தனித்தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். சதையைத் தொடாமல் அடிக்கல்லைப் பிடித்தே தூக்க வேண்டும். ஒன்றையொன்று கொட்டிக் கொல்லும் இனங்கள் இருப்பதால், இடைவெளி விட்டு அமர்த்த வேண்டும். முதலில் தொட்டியின் அடியில், மங்கிய வெளிச்சத்தில் வைத்து, வாரங்கள் செல்லச் செல்ல வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். விடுதிக்குப் புதிதாக வந்த சிறுமியை முதல் நாளே மேடையேற்றிப் பேசச் சொன்னால் என்ன ஆகும்? அதே கதைதான் இங்கும்.

இத்தனையும் செய்த பிறகும் பவளம் நம் கையையே நம்பி நிற்கிறது. நீர் ஏறத்தாழ 24 முதல் 27 பாகை வெப்பத்தில் இருக்க வேண்டும். நம் சித்திரை வெயிலில், குளிர்விக்கும் பொறி இல்லாமல் அது நடக்குமா? மின்சாரம் சில மணி நேரம் நின்று, நீரைச் சுழற்றும் பொறியும் நின்றுவிட்டால், மூச்சுக்காற்றுக் குறைந்து தொட்டியே கல்லறையாகக்கூடும். விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது யாரிடம் ஒப்படைப்போம்?

“அப்படியானால் தொட்டியே கூடாதா? கடலைக் காணாத பிள்ளைகள் எப்படிக் கற்பார்கள்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொட்டி நன்மை செய்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாக் கடலில் 2014ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு கொடிய நோய் பவளங்களை அழித்தது. நோய் எட்டாத பவளங்களை எடுத்து, நிலத்திலுள்ள தொட்டிகளில் அடைக்கலம் வைத்தனர். லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தார் சூரியன் எழுவது, மறைவது, நிலவு வளர்வது, தேய்வது ஆகிய அனைத்தையும் விளக்குகளால் நடித்துக்காட்டி, 2013ஆம் ஆண்டு தொட்டியிலேயே பவளத்தை முட்டையிடச் செய்தனர். அவர்களுடைய துணையோடு 2019ஆம் ஆண்டு புளோரிடா மீன்காட்சியகத்தில் அரிய தூண்பவளமும் முட்டையிட்டது. 2023ஆம் ஆண்டு கோடையில் அக்கடல் கொதித்தபோதும், ஆயிரக்கணக்கான பவளங்களைக் கரைத்தொட்டிகளுக்குக் கொண்டுவந்து காத்தனர். இத்தொட்டிகளின் நோக்கம் என்றாவது ஒரு நாள் கடலுக்குத் திருப்பிக் கொடுப்பது. அதை நான் மனமாரப் போற்றுகிறேன். வரவேற்பறையை அழகுபடுத்த ஒருயிரைப் பிடுங்கி வைப்பதைப் போற்ற என்னால் இயலவில்லை.

நம் நாட்டில் சட்டமும் இதையே சொல்கிறது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு பவளங்கள் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள காவல் பவளத்துக்கும் உண்டு. இதற்கு முன்னே நாம் செய்ததை மறக்கலாகாது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தினோம். அரணாக நின்ற பாறை போனதால் கடல் மணலை அரித்தது. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டும் நீரில் மூழ்கின. 1986ஆம் ஆண்டு அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்று தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் உடைந்த பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியிலேயே நட்டு வளர்க்கின்றனர். அங்கே மின்விளக்கு வேண்டியதில்லை; இறைவன் ஏற்றிய விளக்கே போதும். எனினும் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறியபோது அங்குள்ள பவளங்களும் வெளுத்தன. நட்டால் மட்டும் போதாது, காக்கவும் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு எழுதிய சுற்றுமடலில் பவளப்பாறைகளின் அழிவைக் குறித்து வருந்தியுள்ளார். படைப்பின்மேல் நமக்கு அளிக்கப்பட்ட அதிகாரம் காவல்காரனுடைய அதிகாரமே அன்றி, கொள்ளைக்காரனுடைய அதிகாரம் அன்று.

ஆகவே, தோழியரே, கடற்கரையில் யாரேனும் பவளக்கல் விற்றால் வாங்காதீர்கள். விருந்தினர் பரிசாகத் தந்தாலும் அன்போடு மறுத்துக் காரணம் கூறுங்கள். தொட்டி வேண்டுமென்றால் நன்னீர் மீன்களை வளர்த்து, ஒருயிரைப் பேணும் பொறுப்பைக் கற்போம். பெற்றோரே, சுற்றுலா செல்லும்போது பிள்ளைகளைக் கடலோரத்துக்கு அழைத்துச் சென்று, அந்நீரின்கீழ் ஓர் உயிர்நகரம் இருப்பதைச் சொல்லிக் கொடுங்கள். ஓர் உயிரை அதன் வீட்டிலிருந்து எடுப்பவர், அந்த வீடு தந்த ஒளி, நீர், அமைதி அனைத்தையும் நாள்தோறும் தவறாமல் தரக் கடமைப்பட்டவர். அக்கடமையைத் தாங்க முடியாத நாம், பவளத்தை அதன் வீட்டிலேயே விட்டுவைப்பதுதான் அறம்.