நாலு எம்பி இருந்த காலத்தில் என்ன கிடைத்தது?



நீளமான பதிவு. பிளேன்ரீ ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் முடிந்ததிலிருந்து எங்கட வாட்ஸ்அப் குழுமங்களில் பழைய புண்ணைத் திரும்பவும் கிண்டத் தொடங்கிவிட்டார்கள். "2020இல் திகாமடுல்லையில் நாலு முஸ்லிம் எம்பி. 2024இல் ரெண்டு. மிச்ச ரெண்டையும் திசைகாட்டிக்கு விற்றது இன்ன ஊரான்." இன்ன ஊர் என்ற இடத்தில் ஒவ்வொரு குழுமத்திலும் ஒவ்வொரு பெயர். சாய்ந்தமருதுக்காரரின் குழுமத்தில் ஒரு ஊர், அக்கரைப்பற்றுக்காரரின் குழுமத்தில் வேறொரு ஊர். போன வெள்ளி ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் செருப்புப் போடும்போதே ஒருவர் இன்னொருவரைப் பார்த்து "முனாபிக்" என்றார். சொன்னவர் எங்களிடம் படித்த பிள்ளையின் வாப்பா.

போதாததற்கு "ஊர் வாரியான வாக்குக் கணக்கு" என்று ஒரு பீடிஎப் வேறு சுற்றுகிறது.

அதை முதலில் முடித்து விடுவோம். பாராளுமன்றத் தேர்தல் முடிவைத் தேர்தல் ஆணைக்குழு வெளியிடுவது தொகுதி வாரியாக. எங்கட மாவட்டத்தில் தொகுதி நாலு: அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில். அதோடு தபால் வாக்கு. அவ்வளவுதான். கல்முனையும் சாய்ந்தமருதும் மருதமுனையும் ஒரே கணக்கில் வரும். அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் இன்னொரு கணக்கில் வரும். எங்களில் அநேகம் பேர் தேர்தல் கடமைக்குப் போகிறவர்கள். விடியச் சாமத்தில் எழும்பி, வெறும் பெட்டியை முகவர்களுக்குத் திறந்து காட்டி, பின்னேரம் முத்திரை வைத்துக் கட்டி அனுப்புகிறவர்கள். எண்ணும் இடத்தில் பல நிலையங்களின் சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். பெட்டியைக் கட்டிய எங்களுக்கே தெரியாத ஊர்க் கணக்கு, பெட்டியைத் தொடாத உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

இனித் தெரிந்த கணக்கைப் பார்ப்போம். 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் திகாமடுல்லையில் சஜித் பிரேமதாசவுக்கு 200,384 வாக்குகள். அநுர குமார திசாநாயக்கவுக்கு 108,971. மரமும் மயிலும் அப்போது சஜித்தின் மேடையில் ஒன்றாக நின்றன. நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல். இடையில் இரண்டு மாதம்கூட இல்லை. மரம் தனி, மயில் தனி, தொலைபேசி தனி. செப்டெம்பரில் ஒரே மேடையில் கைகோர்த்து நின்றவர்கள் நவம்பரில் ஒருவரை ஒருவர் திட்டினார்கள். திசைகாட்டி 146,313 எடுத்து முதலாவதாக வந்தது. ஏழு ஆசனத்தில் ஒன்று, முதலாவது வரும் கட்சிக்குப் போனஸ். மிச்சம் ஆறைத்தான் எல்லோரும் பங்கு போட வேண்டும். திசைகாட்டிக்கு 43 வீத வாக்குக்கு நாலு ஆசனம் வந்தது அப்படித்தான். தமிழரசுக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, மயிலுக்கு ஒன்று.

திசைகாட்டிக்குக் கூடியது ஏறக்குறைய 37,000. அது முழுக்க எங்கட வாக்கு என்று எவரும் நிரூபிக்க முடியாது. அம்பாறைத் தொகுதியும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் மாவட்டத்தின் செல்லுபடியான வாக்கு அந்த இரண்டு மாதத்தில் 80,000க்கு மேல் குறைந்தது. இந்த எண்ணைப் பற்றி ஒரு குழுமத்திலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாக்குச் சாவடிக்கே வராதவர்களும், வந்தும் சீட்டைப் பழுதாக்கியவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். நாடு முழுக்கவும் இதே கதைதான். செப்டெம்பரில் நிராகரிக்கப்பட்டது 300,300. நவம்பரில் 667,240. ஏன் கூடியது என்று எண்ணும் மண்டபத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். கட்சிக்குப் புள்ளடி போடாமல் விருப்பு இலக்கத்தை மட்டும் கீறிய சீட்டுகள் எத்தனை! "என் இலக்கம், என் இலக்கம்" என்று ஒலிபெருக்கி கட்டித் திரிந்த வேட்பாளர் முதலில் கட்சிக்குப் போடுங்கள் என்று ஒரு வயசான உம்மாவுக்குக்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. தன் பட்டியலில் பக்கத்தில் இருப்பவனை வெட்டுவதுதான் அவருக்கு முக்கியம்.

இப்போது அந்த நாலு பேருக்கு வருவோம். எங்கட கோபம் இதில்தான்.

2020 ஓகஸ்ட் 5. திகாமடுல்லையில் நாலு முஸ்லிம் உறுப்பினர்கள் தெரிவானார்கள். வெடி கொளுத்தினோம். கந்தூரிச் சோறு கொடுத்தோம். அந்த நேரம் கொரோனாவில் மௌத்தானவர்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. ஒக்டோபர் 22ஆம் திகதி 20ஆவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஜனாதிபதியின் கையில் அதிகாரத்தைக் குவிக்கிற திருத்தம். எங்கட மாவட்டத்தில் தொலைபேசிச் சின்னத்தில், கோட்டாபயவுக்கு எதிராக என்று வாக்குக் கேட்டு வென்ற இரண்டு முஸ்லிம் உறுப்பினர்களும் அதற்குக் கை உயர்த்தினார்கள். அவர்களின் கட்சித் தலைவர் எதிர்த்து வாக்களிக்க, இவர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். 156 வாக்கில் நிறைவேறியது. டிசம்பரில் கொழும்பில் 20 நாள் குழந்தையை எரித்தார்கள். பொரளைக் கனத்தையின் வேலியில் சனம் வெள்ளைத் துணி கட்டியது. அடக்க அனுமதி வந்தது 2021 பெப்ரவரி கடைசியில். முதல் ஜனாஸா ஓட்டமாவடிக்குப் போனது மார்ச்சில்.

நாலு பேர் இருந்தார்கள். இப்போது ரெண்டு பேர் என்று அழுகிறவர்கள், நாலு இருந்தபோது அந்தக் கைகள் ஏன் உயர்ந்தன என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? அடுத்த தேர்தலில் மாலை போட்டவர்களும் நீங்கள்தானே?

எங்கட நாட்டில் ஒரு விடயத்தைப் பற்றி நேரடியாக மக்களிடம் கேட்டது ஒரே ஒரு தடவை. 1982 டிசம்பர் 22, விளக்கும் குடமும். 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளை இன்னும் ஆறு வருடம் நீட்டலாமா என்று கேட்டார்கள். விளக்கு 54 வீதம் சொச்சம் எடுத்தது. அடுத்த பொதுத் தேர்தல் 1989இல்தான் வந்தது. வாப்பாமார்களிடம் கேட்டுப் பாருங்கள், சொல்லுவார்கள். 20ஆவது திருத்தத்தை எவரும் எங்களிடம் கேட்கவில்லை. கேட்காமல் எங்கள் பெயரில் பதில் சொன்னவர்கள் நாங்கள் அனுப்பியவர்கள். ஆளை அனுப்புவது தவிர எங்களுக்கு வேறு வழி இல்லை என்றால், அனுப்பிய ஆளிடம் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். பக்கத்து ஊரானிடம் அல்ல.

இன்னொன்று. 2025 மே 6ஆம் திகதி நாட்டில் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. கல்முனை மாநகர சபைக்கு நடக்கவில்லை. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது என்கிறார்கள். கடைசியாக நாங்கள் அதற்கு வாக்களித்தது 2018 பெப்ரவரி 10. சாய்ந்தமருதில் தோடம்பழம் வென்ற தேர்தல். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை என்று வர்த்தமானி வந்து, சில நாளிலேயே நிறுத்தப்பட்டது. சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. மாளிகைக்காட்டான் காரைதீவு சபைக்கு வாக்களித்து மை பூசிய விரலைக் காட்டுகிறான். பக்கத்தில் சாய்ந்தமருதான் வெறும் விரலோடு நிற்கிறான். பிரிப்பதா சேர்ப்பதா, யார் சரி, யார் பிழை என்று எழுத நாங்கள் வரவில்லை. அதில் எங்கட ஆசிரியர் அறைக்குள்ளேயே மூன்று கட்சி இருக்கிறது. ஆனால் கிழக்கின் பெரிய முஸ்லிம் நகரங்களில் ஒன்றுக்குத் தெரிவு செய்யப்பட்ட ஒரு உறுப்பினர்கூட இல்லாமல் ரெண்டு வருடம் கடந்துவிட்டது. எந்தக் கட்சி இதற்காக ஒரு நாள் வீதியில் இருந்தது? நாங்கள்தான் இருந்தோமா? நாங்களும் இல்லை.

போன கிழமை உள்ளூராட்சிப் பாடம் நடந்தது. வட்டாரம், உறுப்பினர், சபையின் கடமைகள் எல்லாம் பலகையில் எழுதியாயிற்று. பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை எழும்பி, "சேர், எங்கட வட்டாரத்துக்கு யார் மெம்பர்?" என்று கேட்டது. பாடப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. "இப்ப ஒருவரும் இல்லை" என்றோம். "அப்ப லைட் பத்தாட்டி யாருக்கிட்ட சொல்ற?" மணி அடித்தது, தப்பினோம்.

கல்வியியற் கல்லூரி விடுதியில் மருதமுனையும் நிந்தவூரும் பொத்துவிலும் ஒரே சகனில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இன்று அதே கூட்டாளிமார் ஆளுக்கொரு குழுமத்தில் இருந்து ஒருவருடைய ஊரை ஒருவர் ஏசுகிறார்கள்.

எங்கட ரெண்டு உறுப்பினர்களும் இந்தப் பதிவைக் காணக்கூடும். கல்முனைத் தேர்தலைப் பற்றி இதுவரை எத்தனை தடவை சபையில் எழும்பிக் கேட்டீர்கள் என்று திகதியோடு போடுங்கள். நாங்களே பகிருகிறோம். திசைகாட்டியின் நாலு பேருக்கும் அதே கேள்விதான். அவர்களும் இந்த மாவட்டத்தின் வாக்கில் போனவர்கள்.

பீடிஎப் வைத்திருப்பவர் கொண்டு வரட்டும். எந்தத் தேர்தல் அலுவலகத்தின் ஒப்பம் அதில் இருக்கிறது என்று எல்லோருமாகப் பார்ப்போம். கொமெண்டில் ஊரின் பெயர் சொல்லி ஏசுகிறவர்களின் எழுத்தை அழிப்போம், கோபிக்க வேண்டாம்.