வாசலுக்கு ஒரு வாக்குறுதி



ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு அண்மையிலுள்ள வடக்குப்பட்டு மிகத் தொன்மையான ஊர். 2022ஆம் ஆண்டில் மத்திய தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது, கற்கால மனிதர் கையாண்ட கருவிகள் வெளிப்பட்டன. இன்று அவ்வூரைச் சூழ்ந்த பகுதிகளில் மோட்டார் வாகனங்கள் உருவாகின்றன.

கடந்த தேர்தல்களுள் ஒன்றின்போது அங்கே ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தோம். வாக்குக் கேட்டு வந்தவர்கள் அப்பொழுதுதான் வெளியேறியிருந்தனர். பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை உயரும் என்றார்களாம். மருமகளுக்கு மாதந்தோறும் பணம். ஒப்பந்தத் தொழிலாளியான மகனுக்கு நிரந்தர வேலை. எதிர்வீட்டுக்காரருக்கு வரிச் சலுகை. பாட்டி எம்மை நோக்கி, "எல்லாருக்கும் ஒண்ணு சொன்னாங்க சாமி. மாடியிலே வாடகைக்கு இருக்கிற வடநாட்டுப் பிள்ளைங்களை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கலே" என்றார்.

அப்பிள்ளைகளின் பெயர் இங்கே வாக்காளர் பட்டியலில் இல்லை. வாக்கில்லாதவனுக்கு வாக்குறுதியும் இல்லை. பாட்டியின் சொல் எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

ஏழையின் பசியை வேட்பாளர் நினைப்பது குற்றமன்று. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அறிஞர் அண்ணா ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதைத் தம் இலட்சியமாக அறிவித்தார். ஆட்சிக்கு வந்தபின் ரூபாய்க்கு ஒரு படி என்னும் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பெற்றது. 2006இல் தி.மு.க. வண்ணத் தொலைக்காட்சியையும், 2011இல் அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றையும் முன்வைத்தன. நடுத்தர வகுப்பினரும் மறக்கப்படுவதில்லை. 2025 பிப்ரவரியில் மத்திய அரசு, ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளோர்க்கு வருமான வரி இல்லை என அறிவித்தது. நான்கே நாள்களில் தில்லி வாக்களித்தது. ஏழைக்குக் கொடுப்பதை 'இலவசம்' என்றும், வசதியுள்ளவனுக்கு விடுவதைச் 'சலுகை' என்றும் அழைக்கிறோம். இரண்டும் ஒரே கருவூலத்தைச் சார்ந்தவை அல்லவா?

சொல்லுக்கும் செயலுக்கும் இடையே வரையறைகள் வந்து நிற்பதையும் காண்கிறோம். 2021ஆம் ஆண்டுத் தேர்தலில் தி.மு.க. குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது. 2023 செப்டம்பர் 15 அன்று நம் காஞ்சிபுரத்திலேயே அத்திட்டம் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு கோடியே ஆறு இலட்சம் பெண்கள் பயன்பெற்றது பெரிய செய்தியே. ஆயினும் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்குள், மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் என நிபந்தனைகள் இருந்தன. கணவனும் மகனும் தொழிற்சாலையில் உழைக்கும் இல்லம் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும்.

வாசலில் உரைக்கப்படாத வாக்குறுதிகளும் உண்டு; அவை முதலீட்டாளர்க்கு உரியவை. 2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளிக்கும் சட்டத்திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. தேர்தல் முடிந்த பின்னரும் மக்கள் குரலுக்கு ஆற்றல் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

யாருக்கு வாக்களிப்பது என்று கூறுவது எமது பணியன்று. எனினும் வாசலுக்கு வருவோரிடம் கேட்கத்தக்க கேள்விகள் சில உள. இதற்குப் பணம் எங்கிருந்து வரும்? 2013இல் உச்ச நீதிமன்றம் பணித்தபடி தேர்தல் ஆணையம் வகுத்த நெறிகளே, வாக்குறுதிக்கான காரணத்தையும் நிதிக்கான வழியையும் கட்சிகள் காட்டவேண்டும் என்கின்றன. எனக்குச் சொன்னதை எதிர்வீட்டாரிடமும், ஆலை முதலாளியிடமும் இதே சொற்களில் சொல்வீரா? இறுதியாக, மாடியில் இருக்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்வீர்?

இம்மூன்றாம் கேள்வியால் நமக்கு ஒரு காசும் கிட்டாது. அதனாலேயே நாம் அதைக் கேட்க வேண்டும். தன் பங்கை மட்டும் கேட்பவன் வாக்காளன். பிறர் பங்கையும் சேர்த்துக் கேட்பவனே குடிமகன். அடுத்த முறை நம் வாசலில் கும்பிட்ட கைகள் நிற்கையில், அந்த மாடிப்படியையும் ஒருமுறை சுட்டிக்காட்டுவோம்.